'சார்' என்று கூப்பிட்டார்

அவர் என்னை 'தம்பி' என்று கூப்பிட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். 'சார்' என்றார். ஐம்பது வயது இருக்கும், கம்பி கட்டும் வேலை. நான் பிளஸ் ஒன் பரீட்சை எழுதிவிட்டு, மே மாத லீவுக்கு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தவன். நாளுக்கு 200 ரூபாய்.

அந்த 200 ரூபாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வாரச் சம்பளத்தில் செருப்பும் கணக்கு கைடும் வாங்கினேன். அம்மாவிடம் கேட்காமல் வாங்கிய முதல் பொருட்கள். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு நடையே மாறிவிட்டது. அந்த நடையோடுதான் அன்றைக்குக் கடைக்குப் போயிருந்தேன்.

இன்ஜினியரிங் கவுன்சிலிங் விண்ணப்பம் போடும் சீசன். மகளையும் கூட்டி வந்திருந்தார். கணக்கு 84, இயற்பியல் 78, வேதியியல் 82. கணக்கு அப்படியே, மற்ற இரண்டும் பாதி. கட்-ஆஃப் 200க்கு 164 என்று பேப்பரில் போட்டுக் காட்டினேன். அந்த அக்கா தலையை ஆட்டினார். அவருக்குத் தெரியாத கணக்கா? அப்பாவுக்காகத்தான் போட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியா?

"ஆமா சார், சர்க்கார் ஸ்கூல்தான். ஒரு பைசா ஃபீஸ் கட்டினதில்ல."

"அப்ப கவர்ன்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல வருவாங்க. ஃபீஸ் முழுக்க கவர்ன்மென்ட்டே கட்டிடும். ஹாஸ்டலும் ஃப்ரீ. நீங்க கையை விட்டு எதுவும் கட்ட வேணாம்."

இதுதான் நான் சொன்னது, இவ்வளவுதான். அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை விவரிக்க எனக்கு வராது. விண்ணப்பத்தை முடித்து பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். கல்லாவில் இருந்த அண்ணன் பாக்கி கொடுக்கும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அக்கா ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைதான் அரசுப் பள்ளி. ஆறு, ஏழு, எட்டு ஊரிலேயே இருந்த எய்டட் நடுநிலைப் பள்ளி, அதாவது அரசு உதவி பெறும் தனியார் பள்ளி. எனக்கு அந்தப் பள்ளியைத் தெரியும், அது எய்டட் என்பதும் தெரியும். பள்ளிப் பெயரை டைப் செய்ததும் நான்தான். ஆனாலும் மனதில் ஓடவில்லை. சான்றிதழ் சரிபார்ப்பில் அந்த ஒதுக்கீடு கிடையாது என்று வந்துவிட்டது.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நான் 'ஆம்' போட்டதால் அவர்களுக்கு எதுவும் பறிபோகவில்லை. பொதுப்பிரிவு கவுன்சிலிங்கில் அவர் பெயர் இருக்கத்தான் செய்தது. இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொன்னேன், பின்னால் இல்லை என்று தெரிந்தது. கணக்குப்படி நஷ்டம் பூஜ்யம்.

அந்த அப்பா சொன்னதிலும் பொய் இல்லை. அந்தப் பள்ளியில் சத்துணவு போட்டார்கள், இலவசப் புத்தகம், சீருடை கொடுத்தார்கள். சர்க்கார் பள்ளி என்று நினைக்க ஒரு மனிதருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று உண்டு. ஆர்டிஇ என்கிற கல்வி உரிமைச் சட்டம் மூலம் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இந்த ஒதுக்கீடு உண்டு. எய்டட் பள்ளியிலிருந்து வந்தவருக்கு இல்லை. 2021இல் சட்டம் போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும். பிரவுசிங் சென்டர் பையனையா கேட்பது?

ஆனால் யாரும் என்னைக் கேட்கவில்லை. அதுதான் பிரச்சினை.

யோசித்துப் பார்த்தால், நான் அன்று பேசியது அவர்களுக்காகவே இல்லை. நான் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. 'ஃபீஸ் முழுக்க கவர்ன்மென்ட் கட்டிடும்' என்பது இரண்டு வருடமாக என் வீட்டில் நான் சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியம். அம்மாவிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே குரலில் அவரிடமும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் அவ்வளவு உறுதியாக வந்தது. 'நடுவில் வேறு ஸ்கூல் மாறினீர்களா?' என்று ஒரு கேள்வி போதும். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அக்காவிடம் நான் எதையுமே கேட்கவில்லை. சந்தோஷமான செய்தியைச் சொல்லும் அவசரம்.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் திட்டவில்லை. "அவங்க சொல்றதை டைப் பண்ணு. டவுட் இருந்தா கேளு. கிடைக்கும், கிடைக்காதுன்னு நீ சொல்லாதே" என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைக்கு வருகிற பாதிப் பேர் டைப் பண்ணவா வருகிறார்கள்? சொல்ல ஆள் இல்லாமல்தானே வருகிறார்கள். எனக்கே அந்த 7.5 பற்றி முதலில் சொன்னது ஒரு ஜெராக்ஸ் கடை அக்காதான். அவரும் அண்ணன் சொன்ன மாதிரி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்? இந்த இடத்துக்கு வந்ததும் என் யோசனை நின்றுவிடும். மறுநாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பள்ளி திறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைக்குப் போனேன். ஆகஸ்டில் ஒரு ஞாயிறு அவர் வந்தார், தனியாக. ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் இரண்டு இரண்டு காப்பி வேண்டும் என்றார்.

"அக்கா எங்க சேர்ந்திருக்காங்க?"

"டிகிரி காலேஜ்ல போட்டாச்சு சார். பி.எஸ்சி. கணக்கு. பக்கம்தான், பஸ்லயே போயிட்டு வந்துடும்."

அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கல்லூரிதான் அக்காவுக்குப் பிடித்ததோ என்னவோ. இன்ஜினியரிங் யாருடைய ஆசை என்று அன்றைக்கும் நான் கேட்கவில்லையே.

காப்பிகள் புதுமைப் பெண் திட்டத்துக்காம். கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது. பிறகு எய்டட் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் கொடுக்கிறார்கள். இது எனக்குத் தெரியும். ஜூலையிலேயே தேடிப் படித்து வைத்திருந்தேன், ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

"தமிழ் மீடியம்தானே?"

"ஆமா சார்."

"ஆறாவதுலேர்ந்தா?"

"ஒண்ணாவதுலேர்ந்தே தமிழ்தான். இதாவது கிடைக்குமா சார்?"

கிடைக்கும் என்று தெரியும். பேப்பரை அடுக்கி ஸ்டேப்லர் அடித்தேன்.

"காலேஜ் ஆபீஸ்ல கேட்டுக்கங்க" என்றேன்.

சரி சார் என்றார். எட்டு ரூபாய். பத்து ரூபாய் கொடுத்தார், இரண்டு ரூபாய் பாக்கி கொடுத்தேன்.