நேரம் தொலைவது கோட்டருகே: பயிற்சிக் காவலர் அணியின் ஓட்டக் குறிப்புகள்

ஜூன் 2, திங்கள்

முதல் அளவு எடுத்தாயிற்று. 10 மீட்டர், 30 மீட்டர், அப்புறம் 4×10 மீட்டர் ஷட்டில், அதாவது 10 மீட்டர் இடைவெளியில் உள்ள இரு கோடுகளுக்கு நடுவே திரும்பித் திரும்பி நான்கு முறை ஓடுவது. தூரத்தைக் காலடியால் அளக்காமல் டேப் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டோம். கோன் மட்டும் வைத்தால் ஆளுக்கொரு இடத்தில் திரும்புவார்கள், அந்த நேரத்தை வைத்து யாரையும் ஒப்பிட முடியாது.

விசில் சத்தத்துக்கு ஸ்டாப்வாட்சை அழுத்தினால், ஓடுபவரின் காது எவ்வளவு சுறுசுறுப்பு என்பதும் கணக்கில் சேர்ந்துவிடும். ஓட்டம் மட்டும் வேண்டுமென்றால் பின்னங்கால் தரையை விட்டு எழும்போது அழுத்த வேண்டும். கையால் எடுக்கும் நேரத்தில் 0.2 விநாடி பிசகுவது சகஜம். 10 மீட்டர் ஓட்டத்தில் சில வாரப் பயிற்சி தரும் முன்னேற்றம் மொத்தமும் அந்தப் பிசகுக்குள் அடங்கிவிடும். அதனால் ஒரே ஆள், ஒரே வாட்ச், ஒரே தரை, ஆளுக்கு மூன்று வாய்ப்பு. நல்லதை மட்டும் எழுதிக்கொண்டோம்.

ஜூன் 4, புதன்

வார்ம்-அப் 15 நிமிடம். மெதுவோட்டம் 5 நிமிடம், கால் வீச்சு, லஞ்ச் நடை (ஒரு காலை நீட்டி வைத்து, முழங்காலை மடக்கித் தாழ்ந்து நடப்பது), முழங்காலை இடுப்பளவு தூக்கித் துள்ளி நடப்பது. கடைசியில் 40 மீட்டர் மூன்று முறை, வேகத்தை 60, 75, 90 சதவீதம் என்று ஏற்றிக்கொண்டே. ஒரே நிலையில் காலை நீட்டி ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்து நிற்கும் பழக்கத்தைப் பயிற்சி முடிந்த பிறகுக்குத் தள்ளியாயிற்று. ஓட்டத்துக்கு முன் அப்படிச் செய்தால் தசை சட்டென்று வெடித்துக் கிளம்பும் வேகம் மங்கும்.

இன்று கெட்டது வரிசையால். ஒரே பாதையில் எல்லாரையும் நிறுத்தியதில், கடைசியில் நின்றவர் முறை வருவதற்குள் உடம்பு ஆறிவிட்டது. ஆறிய தசையோடு முழு வேகம் போனால் பின்தொடை பிடித்துக்கொள்ளும். நாளையிலிருந்து நான்கு பாதை.

ஜூன் 6, வெள்ளி

முதல் மூன்று அடிகள். முன்கால் கோட்டருகே, பின்கால் ஒன்றரை அடி தள்ளி, எடை முன்காலில், முன்காலுக்கு எதிர்ப்பக்கக் கை முன்னால். தலையிலிருந்து பின் குதிகால் வரை ஒரே சாய்வு. பெரும்பாலோர் முதல் அடியிலேயே நிமிர்ந்துவிடுகிறார்கள். நிமிர்ந்தால் கால் உடம்புக்கு முன்னால் விழும், அது பிரேக் போட்டுக்கொண்டே வண்டியைக் கிளப்புவது மாதிரி. "தரையைப் பின்னால் தள்ளு" என்று சொன்னால் புரிகிறது, "வேகமா ஓடு" என்றால் புரிவதில்லை.

இதற்கு நல்ல மருந்து குப்புறப் படுத்து எழுந்து ஓடுவது. எழும் வேகத்திலேயே சாய்வு தானாக வந்துவிடும். 10 மீட்டர் 6 முறை, நடுவே ஒரு நிமிடம். 20 மீட்டர் 4 முறை, நடுவே இரண்டு நிமிடம்.

ஒரு துணைக்குறிப்பு. இரு பாதங்களும் சமமாக நிற்கும்போது திடீரென்று கிளம்பச் சொன்னால் ஒரு கால் தானாகப் பின்னால் போகும். அதைத் தவறு என்று திட்ட வேண்டியதில்லை, தள்ளுவதற்கு உடம்பு தேடிக்கொள்ளும் பிடிமானம் அது.

ஜூன் 11, புதன்

"பாதி நேரம் சும்மாதானே நிற்கிறார்கள்" என்ற பேச்சு இன்றும் வந்தது. சும்மா நிற்பதும் பயிற்சிதான். சில விநாடி முழு வேகத்துக்குத் தசை எரிப்பது அதனுள் இருக்கும் கிரியாட்டின் பாஸ்பேட்டை. ஏறத்தாழ அரை நிமிடத்தில் பாதி திரும்பும், முழுதாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். ஓடிய ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிட ஓய்வு என்பது களத்தில் கைகொடுக்கும் கணக்கு. ஓய்வைக் குறைத்தால் மூச்சு பழகும், வேகம் பழகாது. களைத்த காலோடு பத்து முறை ஓடுகிறவர் மெதுவாக ஓடத்தான் பத்து முறை பழகுகிறார்.

நிறுத்த வேண்டிய இடம்: அன்றைய நல்ல நேரத்தைவிட 5 சதவீதம் கூடினால் போதும். 30 மீட்டரை 4.6 விநாடியில் ஓடியவர் 4.83-ஐத் தாண்டினால் அன்றைக்கு அவருக்கு வேக ஓட்டம் முடிந்தது.

ஜூன் 17, செவ்வாய்

இன்றுதான் ஷட்டிலுக்கு உள்ளே போனோம். 30 மீட்டரில் முன்னால் வருகிற சிலர் 4×10-ல் பின்தங்குவது ஏன் என்று கோட்டருகே உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். 40 மீட்டரில் மூன்று திரும்பல். ஒவ்வொன்றிலும் அரை மீட்டர் தாண்டிப் போய் வந்தால், போக அரை, வர அரை, மூன்றுக்கும் சேர்த்து 3 மீட்டர் கூடுதல். அவர் ஓடுவது 43 மீட்டர்!

தாண்டிப் போவதற்குக் காரணம் கடைசி அடியில் மட்டும் பிரேக் போடுவது. உடம்பு நிமிர்ந்திருக்கும், முழங்கால் விறைத்திருக்கும், குதிகால் தரையில் அறையும். கடைசிக்கு முந்தைய அடியிலேயே வேகத்தின் பெரும்பகுதி இறங்கியிருக்க வேண்டும். அடிகள் குறுக வேண்டும், இடுப்பு தாழ வேண்டும், மார்பு முழங்காலுக்கு மேல் வர வேண்டும். கடைசிப் பாதம் கோட்டுக்கு இணையாகப் பக்கவாட்டில் விழ வேண்டும். அப்போது உடம்பு ஏற்கெனவே பாதி திரும்பியிருக்கும்.

முதலில் திரும்பலே இல்லாமல் நிறுத்தம் மட்டும் பழகினோம். 5 மீட்டர் ஓடி மூன்று அடிக்குள் நின்று, இரண்டு விநாடி அசையாமல் இருக்க வேண்டும். ஆடினால் கணக்கில் இல்லை. அது கைவந்தவர்கள் 10 மீட்டருக்குப் போனார்கள். நின்று காட்ட முடியாதவருக்குத் திரும்பக் கற்றுத்தருவதில் பயனில்லை.

எல்லாருமே ஒரே காலை ஊன்றித் திரும்புகிறார்கள். இனி வலது, இடது மாற்றி மாற்றி. கோட்டில் வைத்த மரக்கட்டையை எடுத்துக்கொண்டு திரும்பும் ஷட்டிலில் முதுகை மட்டும் வளைத்துக் குனிந்தால் எழ நேரமாகும். இடுப்பும் முழங்காலும் மடங்கினால் எடுத்த கையோடு கிளம்பலாம்.

ஜூன் 20, வெள்ளி

ஊன்றும் முழங்கால் உள்பக்கமாகச் சரிவது சிலரிடம் தெரிகிறது. மூட்டுக்குள் இருக்கும் சிலுவைத் தசைநார் அறுபடும் ஆபத்தைக் கூட்டுகிற தோரணை இது. அவர்களுக்கு வேகத் திரும்பல் நிறுத்தம். பக்கவாட்டு லஞ்ச், 20 செ.மீ. படியிலிருந்து ஒற்றைக் காலில் மெதுவாக இறங்குவது, காலுக்கு 8 முறை, மூன்று சுற்று. முழங்கால் பாதத்தின் நேர்கோட்டில் நிற்கும்வரை இதுதான்.

ஜூன் 26, வியாழன்

முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி என்று வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான். ஓட்டத்தை மட்டும் கணக்கு வைத்தால் போதாது, பூட்ஸ் போட்டுச் சிமெண்ட் தரையில் செய்யும் கவாத்தும் அதே எலும்பில்தான் விழுகிறது. எலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவலாக வலித்தால் ஓட்டத்தைக் குறைத்து மண் தரைக்கு மாற்றலாம். ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டும் ஒரே புள்ளியில் வலித்தால், ராத்திரி படுத்தாலும் வலித்தால், ஓடக் கூடாது. எலும்பில் கீறல் இருக்கலாம், மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவதை வீரமாகப் பேசுவது இந்த இடத்தில் கெடுதல்.

ஜூலை 1, செவ்வாய்

தரையில் கயிற்று ஏணி விரித்து அதன் கட்டங்களில் கால் மாற்றும் பயிற்சியைப் பலர் கேட்கிறார்கள், பார்க்க அழகாக இருப்பதால். வார்ம்-அப்பில் ஐந்து நிமிடம் தரலாம், அதற்கு மேல் வேண்டாம். முன்கூட்டியே தெரிந்த வழியில் வேகமாகக் காலை வைப்பது ஒன்று, எதிராளி எந்தப் பக்கம் போவான் என்று பார்த்துத் திரும்புவது வேறொன்று. காவல் பணிக்கு வேண்டியது இரண்டாவது.

இருவர் 3 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்க, ஒருவர் பக்கவாட்டில் நகர, மற்றவர் கண்ணாடி பிம்பம் போலத் தொடர்கிறார். 5 விநாடி மட்டும். அடுத்து, ஓடி வருபவர் கோட்டுக்கு 2 மீட்டர் இருக்கும்போது பயிற்சியாளர் கை காட்டும் பக்கம் திரும்ப வேண்டும். கையை வலம், இடம் என்று முறைவைத்துக் காட்டினால் மூன்றாவது சுற்றில் ஊகித்துவிடுவார்கள்.

விளையாட்டில் எதிராளியின் இடுப்பைப் பார் என்பார்கள், இடுப்பு ஏமாற்றாது. காவல் பணியில் கையையும் பார்த்தாக வேண்டும், அதில் ஆயுதம் இருக்கலாம்.

ஜூலை 5, சனி

பெல்ட்டும் கவச உடையும் அணிந்து முதல் ஓட்டம். தோரணை படிந்த பிறகே எடை. எடை கூடினால் நிற்கத் தேவைப்படும் தூரமும் கூடும், ஆகவே பிரேக்கை ஓர் அடி முன்னதாகத் தொடங்கச் சொன்னோம். தொடையில் இடிக்கும் பை, குனிந்தால் தாடைவரை ஏறும் கவசம், இதையெல்லாம் ஓடுவதற்கு முன்பே குந்தி எழுந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

ஜூலை 9, புதன்

பின்தொடைக்கு: மண்டியிட்டு, துணைவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்தபடி முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய்ந்து இறங்குவது. 5 முறை, இரண்டு சுற்று, வாரம் இருமுறை. புதிதாகச் செய்பவருக்கு அடுத்த இரண்டு நாள் தொடை கடுக்கும், எனவே வேக ஓட்டத்துக்கு முந்தின நாள் கூடாது. ஓட்டத்தில் சுளீரென்று பிடித்தால் அங்கேயே நிற்க வேண்டும். இழுத்து விடுவதும் தேய்ப்பதும் கிழிந்ததை இன்னும் கிழிக்கும்.

ஜூலை 12, சனி

மறுஅளவு அடுத்த சனிக்கிழமை. அதுவரை ஓட்டங்களின் எண்ணிக்கை பாதி, வேகம் அதேதான். வெள்ளியன்று வார்ம்-அப்பும் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகும் மூன்று ஓட்டமும் மட்டும். ஜூன் 2 அன்று நேரம் எடுத்தவரே அதே வாட்சோடு, வெயில் ஏறுமுன் வர வேண்டும். பழைய கோடு காலடியில் அழிந்துவிட்டது, டேப் வைத்து மறுபடி போட வேண்டும்.