பொலிஸில் சமாதானக் கையெழுத்து வைக்க முதல்

விபத்து நடந்து இரண்டு மூன்று நாளில் இடித்த வாகனக்காரர் வார்டுக்கு வருவார். கையில் அப்பிள், மால்ட் டின், ஒரு என்வலப். "வழக்கு வம்பு எதுக்கு அண்ணன், செலவை நான் பாக்கிறன், பொலிஸில ஒரு கையெழுத்து மட்டும் வைங்க" என்பார். பெரும்பாலும் நல்ல மனதோடுதான் சொல்வார். ஆனால் அந்தக் கையெழுத்துக்கு மேலே "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். பிறகு காப்புறுதி நிறுவனம் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த வரியைத்தான். கால் முறிந்த மூன்றாம் நாள் எந்த வைத்தியருக்கும் எலும்பு ஒழுங்காகப் பொருந்துமா, தகடு வைத்த இடத்தில் கிருமி பிடிக்குமா, முழங்கால் மடங்குமா என்று தெரியாது. தெரியாத ஒன்றுக்கு விலை பேசக் கூடாது. வைத்தியச் செலவுக்குக் காசு தந்தால் வாங்குங்கள். ஆனால் "வைத்தியச் செலவுக்கு மட்டும், இடைக்கால உதவியாக" என்று தொகையும் திகதியும் போட்டு எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து வைத்து ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் குழம்பும் இன்னொரு இடமும் உண்டு. பொலிஸ் நீதவான் நீதிமன்றத்தில் போடும் வழக்கு உங்கள் வழக்கல்ல. அதில் நீங்கள் சாட்சி. தண்டப்பணம் அரசுக்குப் போகும். சாரதி குற்றவாளியானால் காயப்பட்டவருக்கும் ஒரு தொகை கொடுக்கும்படி நீதவான் கட்டளையிடலாம். ஆனால் வருங்கால உழைப்பு இழப்பையெல்லாம் கணக்குப் பார்த்துத் தருகிற இடம் அதுவல்ல. அதற்கு வழி இரண்டு: காப்புறுதி நிறுவனத்தோடு பேசித் தீர்ப்பது, அல்லது சாரதிக்கும் உரிமையாளருக்கும் எதிராக மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடுவது. சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் அந்த வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியை எடுத்து வையுங்கள். அது மட்டும் போதாது, ஆனால் நன்றாகக் கைகொடுக்கும்.

இனி ஆஸ்பத்திரிக் கடதாசிகள். பல கோரிக்கைகள் படுத்துவிடுவது இங்கேதான்.

வார்டில் சேர்க்கும்போது "எப்படிக் காயம் வந்தது?" என்று கேட்பார்கள். லைசன் இல்லை, ஹெல்மெட் போடவில்லை என்ற பயத்தில் "பைக்கால விழுந்துட்டன்" என்று சொல்பவர்கள் நிறைய. அது அப்படியே படுக்கை அட்டையில் ஏறும். ஆறு மாதம் கழித்து "லொறி இடித்தது" என்றால், உங்கள் வாயால் சொன்னதையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். லைசன் இல்லாதது தனிக் குற்றம். அதற்காக உங்களை இடித்தவரின் கவனயீனம் இல்லாமல் போகாது. நடந்ததை நடந்தபடி, முடிந்தால் வாகன இலக்கத்தோடு சொல்லுங்கள். பேசமுடியாத நிலையென்றால் கூட வந்தவர் சொல்லட்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து வந்த அம்புலன்சில் போயிருந்தால் அழைத்த நேரமும் ஏற்றிய இடமும் அவர்களிடம் பதிவாகியிருக்கும்.

அடுத்தது சட்ட மருத்துவ அதிகாரியின் பரிசோதனை. இதற்கான படிவத்தைப் பொலிஸ்தான் கொடுக்க வேண்டும். படிவம் நிரப்பப்படாமல் வீட்டுக்குப் போய்விட்டால், காயம் பாரதூரமானதா இல்லையா என்று சொல்லும் அறிக்கையே இராது. திருகோணமலையில் அடிக்கடி நடக்கும் சிக்கல்: மூதூரிலோ கந்தளாயிலோ முதலில் காட்டி, அங்கிருந்து திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி, அங்கிருந்து கண்டிக்கோ மட்டக்களப்புக்கோ அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு இடமும் மற்ற இடத்தில் பரிசோதனை முடிந்திருக்கும் என்று நினைக்கும். மாற்றி அனுப்பும் நாளிலேயே படிவம் எங்கே இருக்கிறது என்று ஆஸ்பத்திரிப் பொலிஸ் பிரிவில் கேட்டு, இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்துப் போடப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியம் நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் சொந்த விருப்பில் கையெழுத்து வைத்து ஆஸ்பத்திரியை விட்டு வந்தால், "சிகிச்சையை இடையில் விட்டதால்தான் கால் கோணியது" என்று எதிர்த்தரப்பு வாதாடும். டிக்கட் வெட்டும்வரை, அதாவது வைத்தியரே வீட்டுக்கு அனுப்பும்வரை இருங்கள். கிளினிக் திகதிகளைத் தவறவிடாதீர்கள். எக்ஸ்ரே படங்களை மடிக்காமல் வையுங்கள். அரச ஆஸ்பத்திரியில் பில் இல்லையே என்று கவலை வேண்டாம். வெளியில் எடுத்த ஸ்கேன், மருந்துக் கடை ரசீது, ஊன்றுகோல், கிளினிக்குக்குப் போன ஆட்டோக் கூலி எல்லாமே செலவுதான். ஆட்டோக்காரரிடம் பெயர், வாகன இலக்கம், திகதி, தொகை எழுதிய துண்டு ஒன்று வாங்குவது பெரிய வேலையல்ல.

பொலிஸில் செய்ய வேண்டியது: விபத்து நடந்த இடம் எந்த நிலையத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே வாக்குமூலம். நிலாவெளி வீதியில் கொஞ்சத் தூரம் தள்ளினாலே உப்புவெளி நிலாவெளியாகிவிடும். ஏ6 வீதியில் சீனன்குடா, தம்பலகாமம், கந்தளாய் என்று மாறும். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சிங்களத்தில் எழுதியிருந்தால் நம்பிக்கையான ஒருவர் வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டுப் பதிவின் இலக்கம், பக்கம், திகதி மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சான்றுப்படுத்திய பிரதி எடுக்க அது வேண்டும். பொலிஸ் வரைந்த விபத்து வரைபடமும், வாகனத்தின் பிரேக் முதலியவற்றைப் பார்த்த மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கையும் தேவைப்படும். உங்கள் பைக்கைப் பரிசோதிக்க முதல் கராஜில் விட்டுவிடாதீர்கள். நெளிந்த இடமும் உராய்ந்த பெயின்ற்றும் எந்தப் பக்கத்திலிருந்து இடி விழுந்தது என்று சொல்லும். பக்கத்துக் கடை, பெற்றோல் செட் கமெராப் பதிவுகள் சில நாள்களில் அழிந்து அதன்மேல் புதுப் பதிவு ஏறிவிடும். எனவே அந்தக் கிழமையே பொலிஸிடம் சொல்லி எடுப்பிக்க வேண்டும்.

வாகனம் யாருடையது என்பது நம் நாட்டில் தோன்றுகிற அளவுக்கு எளிதான கேள்வியல்ல. ஓப்பின் பேப்பரில், அதாவது பதிவில் பெயர் மாற்றாமலே, இரண்டு கை மாறிய லொறி இன்னும் முதல் ஆளின் பெயரிலேயே ஓடும். லீசிங்கில் எடுத்த ஆட்டோவின் புத்தகத்தில் முழுமையான உரிமையாளர் என்று நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். அந்த நிறுவனத்தை வழக்கில் இழுத்துப் பயனில்லை. பதிவு உரிமையாளர், வாகனத்தை உண்மையில் வைத்திருந்தவர், சாரதிக்குச் சம்பளம் கொடுத்தவர் மூவரையும் வேறுவேறாக விசாரித்து சட்டத்தரணியிடம் கொடுங்கள். சாரதி முதலாளியின் வேலையில் ஓடியிருந்தால் முதலாளியும் பொறுப்பு. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தையும், காப்புறுதிச் சான்றிதழையும் யாராவது போனில் படம் எடுத்து வைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

காப்புறுதி விடயத்தில் தெரிந்திருக்க வேண்டியது இது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அதாவது வாகனத்தால் பாதிக்கப்படும் மற்றவருக்கான காப்புறுதி, கட்டாயம். வழக்கு சாரதிக்கும் உரிமையாளருக்கும் எதிராகத்தான் போடப்படும். தீர்ப்புத் தொகையைக் கட்டுவது நிறுவனம். ஆனால் வழக்குத் தொடர்வது பற்றி நிறுவனத்துக்குச் சட்டப்படி அறிவித்தல் போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால் தீர்ப்புக் கையில் இருந்தும் நிறுவனம் கைவிரிக்கலாம். வழக்குத் தாக்கல் செய்ய முதலே பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்தும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

உழைப்பு இழப்பு மாதச் சம்பளக்காரருக்குச் சுலபம். சம்பளத் துண்டு, வேலைத்தலக் கடிதம் போதும். கடலுக்குப் போகிறவர், மேசன், நாட்கூலிக்காரர் என்ன செய்வார்? மீன் வாடி முதலாளியின் கணக்குக் கொப்பியில் உங்கள் பெயருக்கு நேரே எழுதிய பக்கங்கள், மீனவர் சங்கக் கடிதம், படகுக்காரரின் சத்தியக்கடதாசி, வங்கிப் புத்தகம், லீசிங் கட்டிய ரசீது, கிராம சேவகர் தந்து பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய வருமானச் சான்று. இவற்றில் ஒன்று தனியே நிற்காது, நாலைந்து சேர்ந்தால் நிற்கும். வருமானத்தைக் கூட்டிச் சொல்லும் ஆசை வேண்டாம். சமுர்த்தி, அஸ்வெசும போன்ற அரச உதவி விண்ணப்பத்தில் ஒரு தொகையும் வழக்கில் வேறொரு தொகையும் இருந்தால், குறுக்கு விசாரணை அங்கேதான் தொடங்கும்.

கணக்கு எப்படிப் போகும் என்பதற்கு உதாரணம்: நாளுக்கு 3,500 ரூபா, மாதம் 22 நாள் வேலை, 5 மாதம் வேலையில்லை. 3,85,000 ரூபா. இதோடு செலவுகள், வலிக்கும் வேதனைக்குமான தொகை, நிரந்தர ஊனமிருந்தால் வருங்கால இழப்பு. ஊன வீதத்தை நிபுணர் எழுதித் தர வேண்டும், நாமாகப் போட முடியாது. உங்கள் பக்கமும் 25 வீதம் பிழை என்று நீதிமன்றம் கண்டால், அந்த 3,85,000 கழிந்து 2,88,750 ஆகும். 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இப்படிப் பங்கு பிரிக்கச் சொல்கிறது. தலைக்காயத்தில் ஹெல்மெட் இல்லாதது இந்தக் கழிவுக்குக் காரணமாகலாம். கால் முறிவுக்கும் ஹெல்மெட்டுக்கும் சம்பந்தமில்லை என்பதை உங்கள் சட்டத்தரணி சொல்ல வேண்டும்.

காலக்கெடு இரண்டு வருடம். 1871ஆம் ஆண்டுக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் போட்ட எல்லை அது. நீதவான் நீதிமன்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தாலும், காப்புறுதிக்காரர் "பரிசீலிக்கிறோம்" என்று கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தாலும் அந்த நாள் நகராது. தொகை குறைந்த கோரிக்கையென்றால் முதலில் இணக்கச் சபைக்குப் போய், தீர்வு வரவில்லையென்ற சான்றிதழோடுதான் மாவட்ட நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். அதற்கும் மாதங்கள் ஒதுக்குங்கள். இடித்தது கடற்படை, இராணுவம் அல்லது ஒரு திணைக்களத்தின் வாகனமென்றால், திருகோணமலையில் இது அரிதல்ல, சட்டமா அதிபருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுத்து ஒரு மாதம் போன பிறகே வழக்குப் போடலாம். இருபத்துமூன்றாம் மாதம் முடிகிற நேரத்தில் சட்டத்தரணியைத் தேடிப் போகிறவருக்கு அந்த ஒரு மாதமே வினையாகிவிடும்.

வேறு சில கதவுகள், சுருக்கமாக. வேலை நேரத்திலோ, 2022 திருத்தத்துக்குப் பிறகு வேலைக்குப் போய்வரும் வழியிலோ காயப்பட்டிருந்தால் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் கோரலாம். அரச ஊழியருக்கு அக்ரஹாரா காப்புறுதி இருக்கிறது. இடித்த வாகனம் எதுவென்றே தெரியாவிட்டால் வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் பொலிஸ் பதிவு அவசியம். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். ஆஸ்பத்திரி வாசலில் "இன்ஷூரன்ஸ் எடுத்துத் தாறம், பாதிக்குப் பாதி" என்று வருகிறவர்களிடம் வெற்றுப் புரொக்சியில் (சட்டத்தரணியை நியமிக்கும் பத்திரத்தில்) கையெழுத்து வைக்காதீர்கள். யார் உங்கள் சட்டத்தரணி என்பதுகூடப் பிறகு தெரியாமல் போகும்.

கடைசியில் நிறுவனம் ஒரு தொகை சொல்லி வவுச்சர் நீட்டும். அது முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு என்று எழுதியிருக்கும். கையெழுத்துக்கு முன் எலும்பு வைத்தியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வைத்த கம்பியை எப்போது எடுப்பீர்கள்? ஒரு வருடம், ஒன்றரை வருடம் கழித்து இன்னொரு சத்திரசிகிச்சை இருக்கிறதென்றால் அதற்கான செலவும், அப்போது படுத்திருக்கும் வாரங்களின் கூலியும் இந்தத் தொகைக்குள் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் வைத்தியர் எழுதிய கடிதத்தோடு வவுச்சரைத் திருப்பிக் கொடுத்து, எழுத்தில் கூட்டிக் கேளுங்கள்.