அதியமான் சூடிய பனையை ஏரிக்கரையில் விதைக்க

தகடூர் (இன்றைய தருமபுரி) என்றதும் ஔவைக்கு அதியமான் கொடுத்த நெல்லிக்கனிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்த அதியமான் சூடியது பனைமாலை. புறநானூறு 99-ஆம் பாட்டில் 'இரும்பனம் புடையல்' என்று ஔவையே பாடியிருக்கிறார். பாண்டியருக்கு வேம்பு, சோழருக்கு ஆத்தி, அதியமான் வழிவந்த சேரர் குடிக்குப் பனை. அரசர்கள் போன பிறகும் ஏடாக, கூரையாக, விசிறியாகப் பனை வீட்டுக்குள்ளேயே இருந்தது. 1978-இல்தான் மாநில மரம் என்ற பட்டம் வந்தது. கம்போடியாவும் 2005-இல் இதே பனையைத் தன் தேசிய மரமாக அறிவித்தது.

2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் தருவதாக அரசு சொன்னது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதும் அப்போது வந்ததுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி ஏரிக்கரைகளில் விதைக்க ஆர்வமாக வருபவர்களுக்குக் குறைவில்லை. விதைத்தது மரமாகாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: பனை எப்படி முளைக்கிறது என்பது தெரியாமலே விதைத்துவிடுகிறோம்.

மற்ற விதைகள் மேலே வரும், பனை முதலில் கீழே போகும். கொட்டையின் கண்ணிலிருந்து விரல் தடிமனில் ஒரு குழல் புறப்பட்டு, ஒரு அடிக்கும் கீழே இறங்கும். கன்று உருவாவது அந்தக் குழலின் நுனியில். நாம் பொங்கலுக்கு வேகவைத்துத் தின்னும் பனங்கிழங்கு அதுதான். நம் பக்கம் செம்மண்ணுக்கு அடியில் சீக்கிரமே பாறையோ சுக்கான் கல்லோ தட்டிவிடும். குழல் அதில் முட்டினால் வளைந்து சூம்பிவிடும். சின்ன பாலிதீன் பையில் போட்டாலும் இதே கதி. பையடியில் சுருண்ட கிழங்கைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. நேரடியாகக் கொட்டையை ஊன்றுவதே நல்லது.

ஆடி, ஆவணியில் தானாக விழுந்த பழத்தை மட்டும் எடுங்கள். ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். நாரோடு இருந்தால் பரவாயில்லை, சதை அழுகி உலரட்டும். துளை விழுந்ததையும், கையில் எடுத்தால் எடையே இல்லாததையும் கழித்துவிடுங்கள். புரட்டாசி மழைக்கு முன் ஊன்றிவிட வேண்டும். கடப்பாரையால் இரண்டு அடிக்கு மண்ணை இளக்கி, கண் கீழே பார்க்க வைத்து, மேலே நாலு விரற்கிடை மண் போட்டால் போதும். பத்தடிக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு கொட்டை. தண்ணீர் தேங்கி நிற்கும் உள்சரிவு வேண்டாம்.

பிறகுதான் சிக்கலே. அடுத்த மழைக்காலம் வரைகூட வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். முளைக்கவில்லை என்று தோண்டிப் பார்க்காதீர்கள், குழல் முறிந்தால் கன்று போச்சு. முதலில் வரும் இலையும் பனையோலை மாதிரி விசிறியாக இருக்காது. மடிப்பு மடிப்பாக, வாள் போல ஒற்றை இலை நிற்கும். தெரியாதவர் கண்ணுக்கு அது புல். கரையைச் செதுக்கும்போது களைக்கொத்தில் போவது இப்படித்தான். தொல்காப்பியமே பனை போன்ற புறக்காழ் (வெளிப்பக்கம் வயிரம்) உள்ளவற்றைப் 'புல்' என்றுதான் வகைப்படுத்துகிறது. அதற்காக மண்வெட்டி போடுபவரைக் குறை சொல்ல முடியுமா? ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் சுண்ணாம்பு பூசிய கல் ஒன்றை நட்டு, கரை வேலைக்கு வருபவர்களிடம் இலையைக் காட்டிச் சொல்லிவையுங்கள். முதல் இரண்டு வருடம் ஆடு கடிக்காமல் முள் போட வேண்டும்.

ஐந்தாறு வருடம் தண்டே கண்ணுக்குத் தெரியாது. ஆணா பெண்ணா என்று பாளை விட்ட பிறகுதான் தெரியும், அதற்குப் பன்னிரண்டு முதல் இருபது வருடம் ஆகலாம். நுங்கு பெண் பனையில் மட்டும்தான். பதநீர் இரண்டிலும் இறக்கலாம், அதனால் ஆண் பனையை வீண் மரம் என்று வெட்டிவிடாதீர்கள்.

விதைத்த அடுத்த ஆவணியில் கல்லை அடையாளம் வைத்து நடந்துபோய் எண்ணுங்கள். குழியில் இரண்டும் வந்திருந்தால் திடமான ஒன்றை விட்டு மற்றதை அறுத்துவிடலாம். எதுவும் வராத குழிக்குப் புதுக் கொட்டை எடுத்துவைக்க அதுதான் சமயம், மரத்தடியில் பழம் விழுந்துகொண்டிருக்கும்.