உயர்தர வகுப்பில் கற்ற சீர்திருத்த வரலாறு

எமது கல்லூரியின் உயர்தர வகுப்பில் ஐரோப்பிய வரலாறு கற்பித்த ஆசிரியரை நினைவுகூரும் பழைய மாணவர் பலரும் அவருடைய கண்டிப்பையே முதலிற் கூறுவர். எனக்கோ, 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து புரட்டஸ்தாந்து சபைகள் பிரிய வழிவகுத்த மதச் சீர்திருத்தத்தை அவர் கற்பித்த முறையே இன்றும் பெரிதாகத் தோன்றுகிறது. மதச் சீர்திருத்தத்தால் தனிமனித சுதந்திரம் பிறந்தது என்று நாங்கள் விடைத்தாளில் எழுதினால், அதன் கீழே சிவப்பு மையாற் கோடிட்டு, ‘எவ்வழியாக?’ என்று எழுதித் திருப்பித் தருவார். அந்த வழியை விளக்குவதற்கே அந்தத் தவணையின் பெரும்பகுதியை அவர் செலவிட்டார்.

பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 1517 ஒக்டோபரில் ஜேர்மானியத் துறவி மாட்டின் லூதர் வெளியிட்ட 95 கருத்துரைகளை அவர் விரைவாகவே கடந்துவிட்டார். 1522இல் லூதர் புதிய ஏற்பாட்டை ஜேர்மன் மொழியில் வெளியிட்டதையும், ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் நிறுவுமாறு 1524இல் நகரசபையினருக்கு எழுதியதையுமே அழுத்திச் சொன்னார். வேதத்தை ஒவ்வொருவரும் தாமே வாசிக்க வேண்டுமாயின் ஒவ்வொருவருக்கும் எழுத்தறிவு வேண்டும்; வாசிக்கத் தொடங்கியவர், வாசித்ததைப் பற்றித் தமக்கென ஒரு முடிவுக்கும் வருவார். இதன் விளைவு முழுவதையும் லூதர் விரும்பினார் என்று சொல்ல இடமில்லை. வேதத்தையே ஆதாரங்காட்டிப் பண்ணையடிமை முறையை நீக்கக் கோரிக் கிளர்ந்த விவசாயிகளை ஒடுக்குமாறு 1525இல் பிரபுக்களைத் தூண்டியவரும் அவரே.

ஆசிரியர் நின்று நிதானித்தது ஜெனீவாவில்தான். மிக்கேல் செர்வெற்றஸ் என்ற ஸ்பானிய மருத்துவர், இதயத்திலிருந்து குருதி நுரையீரல் வழியாகச் சென்று திரும்புவதை ஐரோப்பாவில் முதன்முதலாக அச்சில் விளக்கியவர். கடவுள் ஒருவரே மூவராக இருக்கிறார் என்னும் திரித்துவக் கொள்கையை அவர் மறுத்தார் என்பதற்காக, சீர்திருத்தத் தலைவர்களுள் ஒருவரான கல்வின் செல்வாக்குச் செலுத்திய அந்நகரில் 1553 ஒக்டோபர் 27ஆம் திகதி உயிரோடு எரிக்கப்பட்டார். பாசல் நகரில் கிரேக்க மொழி கற்பித்த செபஸ்தியான் கஸ்தெல்லியோ இதைக் கண்டு வாளாவிருக்கவில்லை. “ஒரு மனிதனைக் கொல்வது ஒரு கோட்பாட்டைப் பாதுகாப்பதன்று, அது ஒரு மனிதனைக் கொல்வதே” என்று ஒரு நூலில் எழுதினார். அவர் உயிரோடிருந்தவரை அந்நூல் அச்சேறவில்லை. அவர் இறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1612இல் நெதர்லாந்தில் வெளியாயிற்று. ஆசிரியர் அந்த வாக்கியத்தைத் தமிழில் கரும்பலகையின் மேலோரத்தில் எழுதி, அடுத்த பாடவேளைக்கு வருபவர் அழித்துவிடாதிருக்க, அதைச் சுற்றிச் சோக்கினால் ஒரு கட்டமும் இட்டார். சீர்திருத்தியவர்களையே எதிர்த்துக் கேள்வி கேட்ட இத்தகையவர்களால்தான் மனச்சாட்சிச் சுதந்திரம் என்ற எண்ணம் மேற்குலகில் வேரூன்றியது என்பது அவர் துணிபு. என் துணிபும் அதுவே.

பிற்காலத்தில் இலண்டனில் குடியேறியபின், தேம்ஸ் கரையிலுள்ள பட்னி புனித மரியாள் ஆலயத்துக்குச் சென்றேன். 1647ஆம் ஆண்டின் பிற்பகுதியில், மன்னரை எதிர்த்துப் போரிட்ட பாராளுமன்றப் படையின் அதிகாரிகளும் சிப்பாய்களின் பிரதிநிதிகளும் கூடி, யாருக்கு வாக்குரிமை என்று விவாதித்த இடம் அது. இங்கிலாந்தின் மிக வறியவனுக்கும் மிகப் பெரியவனைப் போலவே வாழ ஒரு வாழ்வு உண்டு என்றும், தன் இசைவின்றி அமைந்த ஆட்சிக்கு அவன் கட்டுப்பட்டவன் அல்லன் என்றும் கேணல் ரெயின்ஸ்பரோ அங்கே வாதிட்டார். அப்படையின் தலைவர்களுள் ஒருவரான குரொம்வெல்லின் மருமகன் ஐயர்ட்டன், சொத்தில்லாதவருக்கு வாக்குரிமை ஆகாது என்று அதை மறுத்தார். அக்காலத்தில் போதகரைத் தாமே தெரிவுசெய்து, சபைக் காரியங்களைக் கூடிப் பேசித் தீர்மானிக்கும் சிறு சபைகள் இங்கிலாந்தில் பெருகியிருந்தன. அங்கே பழகியவர்கள், சபையில் தமக்கிருந்த உரிமையை நாட்டிலும் வேண்டினார்கள்.

அதே 1647இல் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பால், 50 குடும்பங்களுள்ள ஊர் ஒவ்வொன்றும் எழுதவும் வாசிக்கவும் கற்பிக்க ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்று மசாசூசெற்ஸ் குடியேற்றம் சட்டம் இயற்றியது. அக்குடியேற்றத்தை ஆண்ட தூய்மைவாதிகள் என்ற கடுமையான புரட்டஸ்தாந்தினரே, குவேக்கர் என்ற மற்றொரு கிறிஸ்தவப் பிரிவினரைப் பின்னர் தூக்கிலிட்டார்கள் என்பதையும் மறைக்கலாகாது. மனச்சாட்சியின் மீது அரசுக்கு அதிகாரமில்லை என்ற ரோஜர் வில்லியம்ஸை 1635இல் வெளியேற்றத் தீர்ப்பளித்தவர்களும் அவர்களே. அவரோ அடுத்த ஆண்டில் பிரொவிடென்ஸ் என்ற குடியிருப்பை நிறுவி, மதத்தின் பெயரால் எவரும் துன்புறுத்தப்படாத இடமாக அதை ஆக்கினார்.

பள்ளிக்கூடத்தை ஆலயத்தோடு ஒட்டிய கடமையாகக் கருதிய அந்த மரபில் வந்த அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து, 1823இல் வட்டுக்கோட்டை செமினரியையும் 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையையும் தொடங்கினர். ஆசிரியர் அத்துடன் நிறுத்தவில்லை. வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையையும் பின்னர் ஓர் அச்சுக்கூடத்தையும் நிறுவி, பள்ளியையும் அச்சையும் பிரசங்கத்தையும் சைவத்துக்காக மிசனுக்கு எதிராகவே பயன்படுத்தியதை விரிவாக எடுத்துரைத்தார். நெற்றி நிறையத் திருநீற்றோடு மிசன் கல்லூரிக்கு வந்து கல்வினையும் கஸ்தெல்லியோவையும் கற்பித்த அவர், தாம் அரிச்சுவடி படித்தது ஒரு சைவப் பாடசாலையிலே என்று சொல்லி அந்தப் பாடத்தை முடித்தார்.