நார்மன் தேவாலயக் கேள்வி: இரண்டாம் முறை தேறியது எப்படி

போன வாரம் முடிவு வந்தது. இடைக்கால இங்கிலாந்து தாளில் தேறிவிட்டேன், இரண்டாவது முயற்சியில். முதல் தடவை என்னைக் கவிழ்த்த நார்மன் தேவாலயக் கேள்விதான் இந்தத் தடவை கைகொடுத்தது. 1066-ல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, தேவாலயக் கட்டடங்களும் சமய வாழ்க்கையும் எப்படி மாறின, எல்லாமே மாறிவிட்டதா என்பதுதான் அந்தக் கேள்வி. அதை மட்டும் சொல்கிறேன்.

அன்று செய்த தப்பு இதுதான். பாதி விடை கட்டடம், மீதி சமய வாழ்க்கை. தூண், அரைவட்ட வளைவு, கூரை என்று அடுக்கினேன். அப்புறம் நார்மன்கள் கொண்டுவந்த பேராயர் லான்ஃபிராங்க், ஆயர்கள் (பிஷப்புகள்), துறவிகள். இரண்டையும் சேர்க்க ஒரு வரிகூட எழுதவில்லை. படித்ததெல்லாம் தாளில் இருந்தது, மதிப்பெண்தான் வரவில்லை. பல மாதம் மனசு ஆறவில்லை.

பிறகு வட இங்கிலாந்தில் உள்ள டர்ஹாம் பேராலயத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன். நேரில் போனேன். பருத்த உருளைத் தூண்களில் வளைந்து நெளியும் கோடுகளைக் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். நடுக்கூடத்தின் மேற்குப் பக்கம் தரையில் ஒரு கறுப்புப் பளிங்குக் கோடு. பெண்கள் அதைத் தாண்டிக் கிழக்கே போகக் கூடாது என்பது துறவிகள் காலத்து விதி. அங்கே நின்றபோதுதான் எனக்குக் கேள்வியே புரிந்தது. 1083-ல் டர்ஹாம் ஆயர் வில்லியம், மனைவி மக்களோடு வாழ்ந்த பழைய குருமாரை விலக்கி, பெனடிக்ட் சபைத் துறவிகளை வைத்தார். பத்தே வருடத்தில், 1093-ல், புதுக் கோயிலுக்கு அடிக்கல். ஆள் மாறினார்கள், கோயிலும் மாறியது. இந்த இணைப்பைத்தான் கேட்கிறார்கள்.

எனக்குக் கூட்டுப் படிப்பு ஒத்துவராது. தனியாக உட்கார்ந்து டர்ஹாமின் தரைப்படத்தைத் தினமும் கையால் வரைந்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு சமய மாற்றத்தை எழுதிப் பார்த்தேன். நீங்களும் வரையுங்கள், வேறு எதைச் செய்யாவிட்டாலும் சரி.

கோட்டை விடக் கூடாதவை:

- 1065 டிசம்பர் 28. நார்மன் பாணியில் கட்டிய வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயக் கோயில் அர்ப்பணிப்பு. நார்மன் பாணி படையெடுப்புக்கு முன்பே வந்துவிட்டது. '1066-ல் கொண்டுவந்தார்கள்' என்று தொடங்கவே தொடங்காதீர்கள்.
- 1075 லண்டன் சங்கம், அதாவது ஆயர்கள் கூடிய சபை. ஆயர் பீடங்கள், அதாவது ஆயர்களின் தலைமையிடங்கள், சிற்றூர்களிலிருந்து பெரிய ஊர்களுக்கு மாறின. செல்சியிலிருந்து சிச்செஸ்டருக்கு வந்தது ஓர் உதாரணம். பீடம் இடம் மாறினால் புதுப் பேராலயம் வேண்டும் அல்லவா?
- வொர்செஸ்டர் ஆயர் வுல்ஃப்ஸ்டன். ஆங்கிலேயர், 1095-ல் இறக்கும்வரை பதவியில் இருந்தார். பழைய கோயிலை இடித்தபோது அழுதவர், புதியதைக் கட்டியவரும் அவரே. எனக்கு மிகவும் பிடித்த மனிதர்.
- 1104. நார்மன்களுக்கு முந்தைய ஆங்கிலப் புனிதர் கத்பர்ட்டின் உடலைப் புது டர்ஹாமுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். 'எல்லாமே மாறிவிட்டதா?' என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. கடைசிப் பத்தியில் இதைத்தான் எழுதினேன்.