தாளில் எழுதிய ஆறு எண்கள்

"தம்பி, அண்ணன் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு நம்பர் கேட்கிறான். இதை எப்படி அனுப்புவது?"

எதிர்வீட்டு அம்மா இன்று காலை நீட்டிய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் ஆறு எண்கள் இருந்தன. பார்வை மங்கியவர் என்பதால் ஒவ்வொன்றையும் பெரிதாக, இடைவெளி விட்டு, பேனாவால் இருமுறை அழுத்தி எழுதியிருந்தார்.

அது அவருடைய கைப்பேசிக்கு வந்திருந்த, அவருடைய வாட்ஸ்அப் கணக்கை வேறொரு கைப்பேசியில் திறப்பதற்கான ஆறு இலக்க எண். அண்ணன் மகனின் கணக்கை ஏற்கெனவே கைப்பற்றிய யாரோ, அவன் பெயரிலும் படத்திலும் ஒளிந்துகொண்டு, "தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது அத்தை, கொஞ்சம் அனுப்புங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். அனுப்பியிருந்தால், அடுத்து இவர் பெயரில் உறவினர்களுக்கெல்லாம் அவசரமாகப் பணம் கேட்டுச் செய்தி போயிருக்கும்.

அவனை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்தோம். நேற்றிரவு முதல் தன் வாட்ஸ்அப்பைத் திறக்கவே முடியவில்லை என்றான்.

அம்மாவின் வாட்ஸ்அப்பில், நாமே வைக்கும் ரகசிய எண்ணையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை அமைத்துக் கொடுத்தேன். எப்போதாவது ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையும் அதே தாளில் எழுதினேன்.

"கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் மரியாதையாக இருக்காதே என்றுதான் அவசரப்பட்டேன்" என்றார்.

அந்தச் சொல் என்னை வருத்தியது. பேராசைக்காரர்கள்தாம் இணையத்தில் ஏமாறுகிறார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இவரிடமோ அவர்கள் குறிவைத்தது கேட்டதை மறுக்கத் தெரியாத நல்ல மனத்தை. பெரியவர்கள் தயங்காமல் நம்மை அழைத்து, "நீதானா கேட்டாய்?" என்று உறுதி செய்துகொள்ளும் உரிமையை நாம்தான் அவர்களுக்குத் தர வேண்டும்.

அண்ணன் மகன் அழைப்பைத் துண்டிக்கும் முன் சொன்னான்: "கூப்பிட்டுக் கேட்டீங்களே அத்தை, அதுவே போதும்."