நாமகிரித் தாயாரும் ஹார்டியும்

நாமக்கல் போகும்போதெல்லாம் நாமகிரித் தாயார் சன்னதியில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பேன். தங்கள் குலதெய்வமான இந்தத் தாயார்தான் கனவில் சூத்திரங்களைக் காட்டுகிறாள் என்று கணிதமேதை ராமானுஜன் சொல்வாராம். 1913-இல் அவர் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜில் ஹார்டி என்ற கணித அறிஞர் கைக்குப் போனது. ஹார்டி கடவுள் நம்பிக்கையே இல்லாதவர். ஆனாலும் அதிலிருந்த சில சூத்திரங்களைப் பற்றி, இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் இப்படியெல்லாம் கற்பனை செய்ய யாராலும் முடியாது என்று பின்னாளில் எழுதினார். பகுத்தறிவாளர் ஒருவர் கற்பனையைச் சாட்சிக்கு அழைத்த இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதற்காக, கனவில் வந்ததெல்லாம் சரி என்று சொல்லவில்லை. பகா எண்கள் பற்றி ராமானுஜன் எழுதிய சில முடிவுகள் தவறு. நிரூபணம் எங்கே என்று ஹார்டி கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம், 1920-இல் இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு ராமானுஜன் ஹார்டிக்கு எழுதி அனுப்பிய மாக் தீட்டா சார்புகள் என்ற புதுவகைக் கணிதச் சார்புகள் உண்மையில் என்ன என்பது 2002-இல் ஸ்வேகர்ஸ் என்ற டச்சுக் கணிதவியலாளரின் ஆய்வேட்டில்தான் தெளிவானது. தாயார் காட்டினாளா, அவர் மனமே காட்டியதா, எனக்குத் தெரியாது. ஆனால் நிரூபணம் கையில் இல்லாமலே எழுதி வைக்கிற அந்தத் துணிச்சல் நம்பிக்கையிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.